கூட வந்தவர்கள் வெளியே நிற்கவும்

எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக் கதவில் ஒரு பலகை தொங்குகிறது: கூட வந்தவர்கள் வெளியே நிற்கவும். அதை யாரும் படிப்பதில்லை. கை ஒடிந்த ஒருவருக்குப் பின்னால் மனைவி, மச்சான், மாமனார் என்று ஒரு படையே உள்ளே நுழையும். எக்ஸ்ரே அக்கா ஒரே அதட்டலில் அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவாள். பிறகு, "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க," என்று கேட்கும். கொஞ்சம் பொறுத்து, "மூச்சை விடலாம்." இருபத்திரண்டு வருடமாக இதே பாட்டுதான். எதிர் ஜன்னலில் மருந்து கொடுக்கும் எனக்கே மனப்பாடம்.

அந்த அதட்டலை வைத்து அவளைத் தைரியசாலி என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. லிப்ட் நடுவில் நின்றுவிடும் என்று மூன்று மாடியும் படியேறி வருகிறவள் அவள். அதிலும் அவளுடைய பயம் படத்தோடு வரும். சைக்கிளைப் பார்த்தால் நமக்குச் சைக்கிள் தெரியும். அவளுக்குக் கையை ஊன்றி விழுந்த மணிக்கட்டும், தோள் இடித்து விழுந்ததில் இரண்டாகப் போன காறை எலும்பும் தெரியும்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், மூன்று நாள் லீவு போட்டிருப்பதாகவும் மலையைத் தாண்டி ஏரி வரைக்கும் தனியாகச் சைக்கிளில் போய்த் திரும்பப் போவதாகவும் சொன்னாள். சர்க்கரைக்காக டாக்டர் ஓட்டச் சொன்ன சைக்கிள் அது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மூன்று கிலோமீட்டர், அதைத் தாண்டி அது போனதில்லை. நாற்பத்தாறு வயதில் வேலியில் போகிற ஓணானை எடுத்து ஏன் மடியில் விட்டுக்கொள்கிறாய் என்று நான் கேட்டேன்.

அவள் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பாதியில் அழுதபோது அண்ணன் வந்து கூட்டிப்போனார். கல்லூரி விடுதியில் மூன்றாம் நாளே அண்ணன் வந்தார். கல்யாணமாகி எட்டாவது மாதம் ஒரே ஒரு போன். அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. வண்டி பிடித்து வந்து, கட்டிலையும் பீரோவையும் கயிறு போட்டுக் கட்டி, தங்கையை முன்னால் உட்காரவைத்துக் கொண்டு போய்விட்டார். அந்தக் கல்யாணத்திலிருந்து அவளை மீட்டது நல்லதுதான். அதில் எனக்கும் சந்தேகமில்லை.

"தப்பே சொல்ல முடியாது அவரை," என்றாள் அக்கா. "ஆனா ஒரு இடத்துக்காவது நானே போய் நானே திரும்பி வந்தேன்னு இருக்கணும்ல. இது ஒண்ணாவது."

அண்ணனிடம் சொன்னபோது அவர் தடுக்கவில்லை. எங்கே நின்றுவிட்டாலும் ஒரு போன் பண்ணு, வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாராம். அவளுக்கு அதுதான் பெரிய பயம். போன் பண்ணிவிடுவோமோ என்ற பயம்.

காலை ஆறரைக்குக் கிளம்பினாள். முதல் நாய் துரத்தியதிலேயே பாதி உயிர் போய்விட்டது. நெடுஞ்சாலையில் லாரி ஒவ்வொன்றும் உரசுகிற மாதிரி போனபோது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போனது. பெட்ரோல் பங்கில் நின்று, திரும்பிப் போனால் பத்து மணிக்கு வீட்டில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டாள். அங்கேதான் அந்த வேனை முதலில் பார்த்தாள். வெள்ளை வேன், முன் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது.

மலைச்சாலை தொடங்கும் இடத்திலும் அதே வேன் பின்னால் நின்றது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு மிதித்தாள். அடுத்த வளைவுக்குப் பிறகு வீடே இல்லை. இரண்டு பக்கமும் மரம், வண்டி நடமாட்டமும் குறைவு. இன்ஜின் சத்தம் மட்டும் பின்னாலேயே வந்தது. முந்தவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. மேட்டில் நடக்கிற வேகத்தில் போகும் சைக்கிளை முந்த முடியாத வேன் உலகத்தில் உண்டா?

சங்கிலியைப் பார்ப்பது போல இறங்கி நின்றாள். வேனும் நின்றது. ஏறி மிதித்தாள். வேனும் நகர்ந்தது. வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இந்த முறை அவளுக்கு எலும்புப் படம் எதுவும் வரவில்லை. செய்தித்தாளில் நான்காம் பக்கத்து மூலையில் நான்கு வரிதான் வந்தது.

சாலையோரம் பாழடைந்த பம்பு அறை ஒன்று இருந்தது. சைக்கிளை அதன் பின்னால் தள்ளிக்கொண்டு போய் ஒளிந்தாள். ஒரு கையில் காற்றடிக்கும் பம்பு, இன்னொரு கையில் போன். அண்ணன் நம்பர் மேல் கட்டைவிரல். அழுத்தினால் வந்துவிடுவார். எப்போதும் போல வந்துவிடுவார். விரல் இறங்கவில்லை. "மூச்சை இழுத்துப் பிடி, அசையாதே," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

வேன் வந்து நின்றது. கதவு திறந்து ஓர் ஆள் இறங்கினான். தொப்பி, முகத்தை மறைக்கிற முகக்கவசம். இங்கும் அங்கும் தேடிக்கொண்டு நடந்தான். நாலு எட்டு வைத்திருப்பான், அக்காவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. முகம் தெரியவில்லை, இடது முழங்கால் தெரிந்தது. மடங்காமல் பக்கவாட்டில் வீசிப் போடுகிற முழங்கால். அதை அவள் நான்கு தடவை படம் எடுத்திருக்கிறாள். போனை அழுத்தியிருந்தால் மணி அவர் சட்டைப்பையிலேயே அடித்திருக்கும்.

அவள் வெளியே வந்தாள். அண்ணன் முகக்கவசத்தை இறக்கினார். பேக்கரிக்காரரிடம் இரவல் வாங்கிய வேனாம். தன் காரில் வந்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று இந்த ஏற்பாடாம். தங்கையை எமலோகத்து வாசல் வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, துணைக்கு வந்தேன் என்கிறார் மனிதர்.

அக்காவுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது நிம்மதி. இப்போதே சைக்கிளை உள்ளே போட்டுவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்துவிடலாம் என்று கால் இரண்டும் கெஞ்சியதாக என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள். அண்ணன் பின்கதவைத் திறந்தேவிட்டார். உள்ளே பழைய மெத்தை விரித்திருந்தது. அதன்மேல் புதுக் கயிறு ஒரு சுருள், கடைச் சீட்டுக்கூடக் கிழிக்காமல் இருந்தது.

"கயிறெல்லாம் வாங்கிட்டியாண்ணா?"

அவர் கயிற்றை மெத்தைக்கு அடியில் தள்ளப் பார்த்தார்.

"நான் திரும்பிடுவேன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்ட."

"நீ பயந்தவம்மா," என்றார் அண்ணன். திட்டுவதுபோல இல்லை, உடம்பு சரியில்லாதவளிடம் பேசுகிறமாதிரி சொன்னார். "எனக்குத் தெரியாதா உன்னை? வா, போகலாம்."

"ஆமா, பயமாத்தான் இருக்கு. இப்பவும் கை உதறுது, பாரு." கையை நீட்டிக் காட்டினாள். பிறகு எங்களுக்கெல்லாம் தெரிந்த அந்தக் குரலில் சொன்னாள்: "கூட வந்தவங்க வெளிய நில்லுங்க."

அண்ணனுக்கும் அந்தக் குரல் பழக்கம்தான். நான்கு தடவையும் அவருடன் உள்ளே வந்த அண்ணியை அவள் அப்படித்தான் அனுப்பியிருக்கிறாள். மனிதர் அசையாமல் நின்றார். அக்கா கயிற்றை எடுத்துத் தன் பையைச் சைக்கிள் கேரியரோடு சேர்த்துக் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. அவர் உதவிக்குக் கை நீட்டினார். அவள் வேண்டாம் என்றாள்.

"அங்க போய்ச் சேந்ததும் போன் பண்றேன். அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கோ."

வேன் திரும்பி இறங்குகிற சத்தம் வளைவுகளில் தேய்ந்து நின்றது. அப்போதுதான் ஈரக்குலை நடுங்குகிற பயம் வந்தது அவளுக்கு. இவ்வளவு நேரம் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று பயந்தாள். இனி விழுந்தால் தூக்க யாருமில்லை. மேட்டில் பாதித் தூரம் தள்ளிக்கொண்டே போனாள். இறக்கத்தில் இரண்டு பிரேக்கும் அலற, ஓரக் கல்லை எண்ணிக்கொண்டு இறங்கினாள். ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தபோது சரளையில் சக்கரம் வழுக்கி விழுந்தேவிட்டாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. எழுந்து நின்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள், காறை எலும்பை விரலால் தடவிப் பார்த்தாள். எதுவும் ஒடியவில்லை. பத்து நிமிடம் கல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டு மறுபடி ஏறினாள்.

ஏரிக்கரை விடுதிக்கு ஐந்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தாள். வரவேற்பறை ஆள், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டான். யாருமில்லை என்றாள். அறைக்குப் போய்க் காலைக்கூடக் கழுவாமல் அண்ணனுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். ஆனால் அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

"மூச்சை விடலாம்ண்ணா," என்றாள்.

ஒரு பெரிய மூச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம் இருமல். அப்புறம் அண்ணன் மெதுவாக, "நாளைக்கு?" என்று கேட்டார்.

"நாளைக்கும்தான். காலைல ஏழு மணிக்குத் திரும்பக் கிளம்பறேன், பிடிச்சுக்கோ."