மெழுகுதிரிப் போத்தலில் கசகசா சர்பத்

சாய்ந்தமருதில் ஹாஜறாவிடம் வாய்கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. கலியாண ஹோலில் சட்டிபானை கழுவுவது அவள் தொழில். விருந்து முடிந்து மேசை அலங்காரங்களைக் குப்பையில் கொட்டும்போதெல்லாம் அவளுக்கு வயிறு பற்றி எரியும். பணக்கார அஸீஸாவின் மகள் கலியாணத்தில் பொன்விளிம்பு வைத்த, கண்ணாடிக் குவளை போன்ற மெழுகுதிரிப் போத்தல்களை அப்படித்தான் கொட்டினார்கள். பாதிகூட எரியவில்லை, பாவிகள்! ஹாஜறா ஒரு சாக்கு நிறையக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் பெரிய ரோட்டால் நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

போத்தல்களைச் சுடுநீரில் மெல்ல இறக்கி மெழுகை இளக்கினாள். ஆறி மிதந்ததை வழித்தெடுத்தாள். சிங்குக்குள் ஒரு துளி விடவில்லை. அடைத்துக்கொண்டால் யார் தோண்டுவது? அடியில் ஒட்டியிருந்த திரித்தகட்டைக் கரண்டிக் காம்பால் நெம்பினாள். லேபல் பசைக்குத் தேங்காய் எண்ணெய், பிறகு சவர்க்காரமும் தேங்காய்த் தும்பும். ரோசாப்பூ வாசம் மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. தேசிக்காய்த் தோல் போட்டு ஊறவைத்ததும் அதுவும் வாலைச் சுருட்டிக்கொண்டது.

அந்த அஸீஸாவேதான் இப்போது தன் மகன் அஸ்கிக்கு ஹாஜறாவின் மகள் நிப்லாவைப் பெண் பேச வருகிறாள். அஸ்கி ஒற்றைக்காலில் நின்றிருக்கிறான். நிப்லாவுக்கும் அவன்மேல் உயிர். ஹாஜறாவின் தங்கை ஸம்றா தன் வீட்டுக் கிளாஸ்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ராத்தா, அவங்கட சாமான அவங்களுக்கே வைக்கப்போறீங்களா? புள்ளட வாழ்க்க! என்ட கிளாஸ வைங்க."

"ஒளிக்கிறதுக்கு நான் களவெடுத்தனா?" என்றாள் ஹாஜறா. கசகசா மிதக்கும் சர்பத்தை அந்தப் போத்தல்களிலேயே ஊற்றினாள்.

மகனை வெளியே வேனில் இருத்திவிட்டு அஸீஸா வந்து அமர்ந்தாள். சர்பத் போத்தலைக் கையில் எடுத்தவள் பொன்விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்கட..."

"ஓம் ராத்தா, ஒங்கடதான். நீங்க எறிஞ்சீங்க. நான் கழுவினன்."

அஸீஸா வாயில் வைக்காமலே போத்தலைக் கீழே வைத்தாள். "சம்மந்தம் பேசுவம். ஆனா இதெல்லாம் இந்த ஊட்ட விட்டுப் போகணும். நாங்க எறிஞ்சதில என்ட மகன் குடிச்சானெண்டு ஊரே சிரிக்கும்."

வேறு நேரமென்றால் ஹாஜறா கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். ஆனால் திரைச்சீலைக்குப் பின்னால் மகள் நிற்கிறாள். முதன்முறையாக அவளுக்கு நாக்கு எழவில்லை. சரி, ஒளித்துத் தொலைப்போம் என்று கை போத்தல்கள் இருந்த தட்டத்தை நோக்கிப் போனது.

திரை விலகியது. நிப்லா வந்து இன்னொரு போத்தலை நிரப்பி அஸீஸாவிடம் நீட்டினாள்.

"மாமி, நம்மட ஊர் வழக்கப்படி கலியாணம் முடிச்சா அவர்தானே பொண்ணுட ஊட்டுக்கு, இங்க வந்து இருக்கப்போறவர்? இது என்ட ஊடு. வெளியில வேனுக்குள்ளதான் இருக்கார், இதக் குடுங்க. எங்க எடுத்ததெண்டும் சொல்லுங்க. குடிக்க ஏலாதெண்டா அப்படியே போகட்டும்."

அஸீஸா முகம் சிவக்க வாங்கிக்கொண்டு வெளியே போனாள். ஹாஜறா நிப்லாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேன் பக்கம் அஸீஸாவின் குரல் உயர்ந்தது, பிறகு அடங்கியது. ஸம்றா ஓதத் தொடங்கிவிட்டாள்.

வாசலில் அஸ்கி வந்து நின்றான். கையில் வெறும் போத்தல், மீசையில் கசகசா.

"மாமி, இன்னும் கொஞ்சம் இருக்கா?"

ஹாஜறாவுக்குப் போன நாக்கு திரும்பி வந்தது. முற்றத்துப் பைப்பைக் கைகாட்டினாள்.

"கழுவிட்டு வாங்க மருமகன், ஊத்துறன்."