தின்னர் டின்னோடு வண்டன்மேட்டுக்கு

போன பூஜை விடுமுறையில் வண்டன்மேடு போய்வந்தோம். கல்லூரித் தோழி ராணி, தன் ஏலத்தோட்டத்து வீட்டில் விருந்தினர் அறைகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். "வரும்போது பொள்ளாச்சியில அஞ்சு லிட்டர் தின்னர் வாங்கிட்டு வாடி" என்றாள். பெயிண்டை இளக்கவும் பிரஷ் கழுவவும் அது வேண்டும்.

முந்தின நாளே பொள்ளாச்சி போய் டின்னை வாங்கிவைத்துவிட்டு, எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, கோபாலபுரம் செக்போஸ்ட், பழனி, தேனி, கம்பம்மெட்டு வழியாகப் போனோம். சுமார் 250 கிலோமீட்டர், சாப்பாட்டோடு எட்டு மணி நேரம். தின்னர் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். திறந்து வைத்தால் காற்றோடு போய்விடும். மலை வளைவுகளில் மூடி தளர்ந்தது தெரியாமல், மழைக்காகக் கண்ணாடியை வேறு ஏற்றிவிட்டேன், மகா புத்திசாலி. தலைவலி பிளந்தது.

என் வீட்டுக்காரர் தென்னந்தோப்புக்காரர். கொப்பரை மாதிரி எதையும் காய்ந்த இடத்தில் வைத்தால்தான் நிம்மதி. டின்னை நேராக ராணியின் ஏலக்காய் காயவைக்கும் அறையில் வைத்துவிட்டு, அங்கேயே நின்று குளிர் காய்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் விறகு அடுப்பு எரிகிறது!

காய் பார்க்கப் போன ராணி வாசலிலேயே நின்றாள். "அண்ணே, டின்ன எடுத்துட்டு வெளிய போயிருங்க. சுவிட்சத் தொடாதீங்க."

தின்னர் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு படர்ந்து போய்த் தூரத்து நெருப்பையும் பிடிக்கும். அவள் பின்பக்கம் ஓடி அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள். உள்ளே பாதி காய்ந்த காய், அந்தப் பறிப்பு மொத்தமும். சூடு நின்றால் பச்சை நிறம் போகும், ஏலம் விடும்போது விலையும் போகும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கதவு ஜன்னலைத் திறந்துபோட்டோம். நெடி முழுக்கப் போனபிறகே மறுபடி பற்றவைத்தாள். "ஏனுங்க, மழையில நனையுமேன்னு வெச்சனுங்க" என்றார் இவர், குடைக்குள் டின்னோடு.

"தின்னருக்குச் சளி புடிக்குமாண்ணே?"

மறுநாள் காய் வெளுத்திருந்தது. ஏலக்காய் எந்த மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் மூக்குகளை நம்ப முடியாததால், பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டு ஒன்றும் சொல்லாமல் முகரக் கொடுத்தாள்.

"ஏலக்கா வாசந்தான் வருது. வேற என்ன வரணும்?" என்றார். அப்போதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

போகிறவர்களுக்கு: தின்னரை மலையடிவாரத்துக் கம்பம் ஊரிலேயே வாங்குங்கள். இறுக்கி மூடிய டின்னை நிமிர்த்தி வையுங்கள், கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுப்பு, பீடி, சுவிட்ச் எதுவும் பக்கத்தில் ஆகாது.

கிளம்பும்போது, காய் இப்படி வெளுத்துப்போச்சே என்று மறுபடி புலம்பினேன். ராணி கார்க் கதவைச் சாத்தினாள்.

"அடுத்த பறிப்புல காய் வந்துரும். அண்ணன எங்கடி போய்ப் பறிக்க?"