மாதா கூடு தாங்கிய தோள்

நேசமான சகோதரங்களே, கரைக்கு இழுத்த வள்ளத்தை அலை தூக்கிப் போட்டது. அதன் விளிம்பு என் இடப்பக்க விலாவுக்குக் கீழே இடித்தது. போன வருடம் மாதா திருநாளுக்கு முதல் நாள் காலை அது. எனக்கு எழுபது வயது கடந்துவிட்டது. கடலில் நான் வாங்காத அடியா என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

வயிறு பெரிதாக நோகவில்லை. ஆனால் மாலையில், அடியே படாத இடது தோள் நோகத் தொடங்கியது. பயந்துபோனேன். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து திருநாளில் சுரூபம் வைத்துத் தெருவில் தூக்கிப்போகும் மாதா கூட்டின் ஒரு காவுதடி அந்தத் தோளில்தான். மனைவி றீற்றா எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

"ஆசுப்பத்திரிக்குப் போவமப்பா."

"சும்மா இரு. நாளைக்கு மாதாவைத் தூக்கவேணும்."

"அம்மா, இந்தத் தோளை மட்டும் பார்த்துக்கொள்ளும்" என்று மாதாவிடம் அழுது மன்றாடினேன்.

மறுநாள் பூசையில் தலை சுற்றியது. ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் வேளையில் பக்கத்தில் நின்ற மச்சான் அந்தோனி என் கையைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை.

"என்ன மச்சான், கை ஐஸ் மாதிரிக் கிடக்கு?"

மாதா கூடு தெருவில் இறங்க, நான் அந்தோனியோடு ஓட்டோவில் ஆசுப்பத்திரிக்குப் போனேன்.

வள்ளம் இடித்ததை அந்தோனி சொன்னதும் இளம் டாக்டர் அம்மா கேட்டார்: "ஐயா, இடது தோள் நோகுதோ?"

எனக்கு மெய் சிலிர்த்தது. தோளைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லையே!

"மண்ணீரல் கிழிஞ்சு உள்ளுக்கு இரத்தம் போனா, தோளும் நோகும். வயசு போன ஆக்களுக்கு வயிறு சில நேரம் காட்டிக்குடுக்காது" என்றார். ஸ்கானும் அதையே சொன்னது. உடனே ஒப்பரேசன். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். எந்த நோவை எடுத்துவிடச் சொல்லி அழுதேனோ, அந்த நோவே என் உயிருக்குச் சாட்சி சொன்னது.

பிறகு தேறி வந்ததுதான் பெரும்பாடு. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடிப்பேன். றீற்றாவின் தோளைப் பிடித்து முற்றத்தில் நடந்து பழகினேன். தடுப்பூசிகள் போட்டார்கள். மண்ணீரல் இல்லாத உடம்பு, காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும் என்றார்கள். பாரமும் தூக்கக்கூடாதாம். அதுதான் என்னைக் குத்தியது.

இந்த வருடத் திருநாளில் என் காவுதடியை அந்தோனி தன் தோளில் வாங்கினான். நான் வெறுந்தோளோடு பின்னால் நடந்தேன். கண்ணீர் நிற்கவில்லை.

"என்னப்பா, நோகுதோ?" என்றாள் றீற்றா.

"இல்லையப்பா. இவ்வளவு காலமும் நான்தான் மாதாவைத் தூக்கிறன் எண்டு நினைச்சிட்டன்."

சகோதரங்களே, நம்பி மன்றாடுங்கோ. ஆனால் வயிற்றில் அடிபட்டால் முதலில் ஆசுப்பத்திரிக்கு ஓடுங்கோ. போகிற வழியிலேயே மன்றாடலாம். அவா கூடவே வருவா.