உறையை விட்டு வராத வாள்

கனமாரு மோகுசுகேவுக்கு வாளை விட நாக்கு நீளம். வடக்கே பனி கொட்டும் அந்தக் கோட்டையூரில், பிரபுவிடம் படியரிசி வாங்கும் சாமுராய்களில் கடைசி வரிசை அவன். வேலை என்று ஒன்றும் கிடையாது. அதனால் படியும் பாதிதான். மீதி வயிற்றுக்கு அவன் மனைவி ஒதாகி குடைகளுக்குக் காகிதம் ஒட்டினாள். ஆனால் ஐயா தெருவில் இறங்கினால் பார்க்க வேண்டுமே! இடுப்பில் கொள்ளுத்தாத்தாவின் வாள், வாயில் அதன் புராணம்.

"பிஸென் நாட்டு இரும்புடா இது! ஒரே வீச்சுல மூணு பேரு, தலைக்கவசத்தோட!"

"போன மாசம் ஒருத்தன்தானேய்யா செத்தான்?" என்பான் பக்கத்து வீட்டுக்காரன். "செத்தவன் எப்படிய்யா குட்டி போட்டான்?"

மோகுசுகேவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். இரண்டு கிண்ணம் சாக்கே சாராயம் உள்ளே போனால் அந்தக் கோபமும் போய்விடும்.

வந்தது வினை. வருஷக் கடைசியில் தெருவே கூடிப் பசையரிசியை உரலில் போட்டு மோச்சி இடித்தார்கள். சுடச்சுட இடித்த மோச்சி மாவு, துண்டு போடும் கத்தியில் ஒட்டிக்கொண்டு எல்லோர் பொறுமையையும் சோதித்தது. மோகுசுகேவுக்கு அது எத்தனையாவது கிண்ணமோ, "தள்ளுங்கடா!" என்று வாளை உருவி ஓங்கி ஒரு போடு போட்டான். வாள் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது, பொய் சொல்லக்கூடாது. வெளியே வரத்தான் மனசில்லை. ரெண்டு பேர் மோச்சியைப் பிடிக்க, இவன் வாளை இழுக்க, ஒருவழியாய் வந்தது, பட்டையாய் மோச்சி பூசிக்கொண்டு. அந்த நேரம் பார்த்து, "காவல் தலைவர் வர்றாரு!" என்று எவனோ கத்தினான். காரணமில்லாமல் தெருவில் வாளை உருவியவனுக்குத் தண்டனை உண்டு. அறிவுக்கொழுந்து என்ன செய்தான்? துடைக்காமலே உறையில் சொருகிவிட்டான்.

வாளுறை செய்கிறவர்களே மரத்தின் இரண்டு பாதியையும் சோற்றுப் பசையால்தான் ஒட்டுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் வாளும் உறையும் ஒரே கட்டையாகக் கிடந்தன.

புதுவருஷம் பிறந்ததும் கோட்டையின் கிழக்கு வாசல் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. முழுப்படி அரிசி! காவல் தலைவர் ஹிராகா கென்பே வீடு வீடாக வந்து வாளைப் பார்ப்பாராம். துரு பிடித்த வாள் வைத்திருப்பவன் பெயரைப் பிரபுவின் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவாராம். அப்புறம் அந்தப் பாதிப்படியும் கிடையாது.

"ஏங்க, ஊரெல்லாம் கூவின வாய் இப்ப எங்க போச்சு?" என்றாள் ஒதாகி. "ஆவி காட்டிப் பார்ப்பமா? இளகினாலும் இளகும்."

"வாளை அவிக்கச் சொல்றியே, அது என்னடி கிழங்கா? ஈரம் பட்டா துரு ஏறிடும்!"

"இப்ப மட்டும் உள்ள சந்தனமா பூசியிருக்கு?"

அதற்குள் கென்பே வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வாளைப் பார்ப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. மூச்சின் ஈரம் இரும்பில் படக்கூடாது என்று, மடித்த காகிதத்தை உதட்டில் கவ்விக்கொள்ள வேண்டும். கென்பே கவ்வினார், மோகுசுகேவும் கவ்வினான். ஆக, ரெண்டு பேரும் பேச முடியாது. கென்பே வாளை வணங்கி, மெல்ல இழுத்தார். வரவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்தார். வரவில்லை. 'என்னடா இது?' என்று கண்ணால் கேட்டார். 'ம்ம்' என்றான் மோகுசுகே.

உறையைப் பிடித்துக்கொள் என்று சைகை காட்டிவிட்டு, தலைவர் கால் ஊன்றி இழுத்தார். மோகுசுகே பாயோடு வழுக்கிக்கொண்டு போனான். இவன் தூணில் காலை உதைத்துக்கொண்டான். அவர் முகம் சிவந்தது, இவன் முகம் வெளுத்தது. கடைசியில் கை நழுவி, கென்பே மல்லாக்க ஒதாகியின் குடைகள் மேல் போய் விழுந்தார். அப்போதும் ரெண்டு பேர் வாயிலும் காகிதம் அப்படியே இருந்தது.

பேச முடிந்தவள் ஒதாகி ஒருத்திதான். அவள் தலை பாயில் பட விழுந்தாள்.

"ஐயா, அது மோச்சிங்க! இந்த மனுஷன் குடிச்சிட்டு மோச்சியை வெட்டி அப்படியே சொருகிட்டாருங்க! பேரை மட்டும் அடிச்சிடாதீங்க ஐயா, அந்தப் பாதிப்படி இல்லேன்னா நாங்க பட்டினிங்க!"

கென்பே எழுந்து, கிழிந்த குடையிலிருந்து காலை உருவிக்கொண்டு, காகிதத்தை வாயிலிருந்து எடுத்தார்.

"உள்ள துரு இருக்கா?"

"தெரியாதுங்க ஐயா. பார்க்க முடியலையே," என்றான் மோகுசுகே, தன் வாய்க் காகிதத்தையும் எடுத்துவிட்டு, அழாத குறையாக.

"எவ்வளவு கோபம் வந்து இழுத்தாலும் வராதா?"

"வராதுங்க ஐயா."

கென்பே பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். "கிழக்கு வாசல்ல கடைசியா நின்னவன் அருமையான வாள் வெச்சிருந்தான்யா. எவனோ அவன் மூக்கைக் கேலி பண்ணினான்னு உருவிட்டான். கோட்டைக்குள்ள உருவினா சாவுதான் சட்டம், தெரியுமில்ல? வயித்தைக் கிழிச்சுக்கிட்டான். அதுக்கு முந்தினவன் குடை உரசின ஒரு சண்டையில உருவினான். அவனும் போனான். நல்ல வாள், நல்ல கூர், நல்ல பசங்க. எல்லாரையும் நான்தான்யா பொதைச்சேன்." வாயிலிருந்து எடுத்த காகிதத்தை மடித்து மடியில் செருகினார். "நாளைக்கு வந்து வேலையில சேரு."

மோகுசுகேவுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. "ஐயா, முதல் படி வாங்கின கையோட உறையைப் பொளந்து, வாளைத் தீட்டி..."

"பொளந்தியோ, வேலை போச்சு!"

கிழக்கு வாசலில் காவல் நின்றவர்களில், கிழவனாகி, இருமி, மனைவியிடம் திட்டு வாங்கி, பாயில் படுத்துச் செத்த முதல் ஆள் மோகுசுகேதான்.