ஆயுத பூஜையன்று கோல்ஃப் சங்கப் பொதுக்குழு

எங்கள் வட்டார கோல்ஃப் சங்கம் பொதுக்குழுவை வருடா வருடம் ஆயுத பூஜையன்றுதான் கூட்டுகிறது. உறுப்பினர்களில் பாதிப் பேர் ஒரகடம் தொழிற்சாலைக்காரர்கள். மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் அன்று யாரால் நகர முடியும்?

இன்று காலை படப்பையில் பூசணிக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பொரி வாங்கிக்கொண்டு நின்றவர் சங்கச் செயலாளர்!

"பத்து மணிக்குக் கூட்டம்னு எஸ்எம்எஸ் வந்துச்சே சார், நீங்க கிளம்பலையா?"

"அது முடிஞ்சிடுச்சு சார். ஏகமனதா மறுபடியும் என்னையே போட்டுட்டாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன். விடவே மாட்டேன்னுட்டாங்க."

கடைக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதுகூட ஆகவில்லை.

"பூசணிக்கா பெருசா பார்த்து வாங்குங்க சார், கண்ணு பொல்லாதது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அவரை விடவே மாட்டேன் என்று மடக்கிய உறுப்பினர்களே, இங்கே ஒரு லைக் போடுங்கள். உங்கள் முகத்தையாவது பார்த்துக்கொள்கிறேன்.