புகைபோக்கியின் மேல் ஒரு கல்

மைசூருக்கு வெளியே, வெள்ளைக்காரத் துரை ஒருவரின் தோட்ட வாசலில் காவல்காரனுக்கென்று ஒரு சின்ன வீடு கட்டினார்கள். தன் ஊர்ப் பண்ணை வீடுகளைப் போலவே இருக்க வேண்டும் என்று துரை படம் வரைந்து கொடுத்திருந்தார். கூரை செங்குத்தாக இருந்தது. அவர் ஊரில் பனிக்கட்டி கொட்டுமாம், அது வழுக்கி விழுவதற்கு. சன்னல்களில் தலை மட்டும் நுழையும். ஓட்டுக்கு அடியில் இடுக்கில்லாமல் பலகை. சுவரோடு ஓர் அடுப்பு, அதிலிருந்து கூரைக்கு மேல் ஆள் உயரத்துக்குப் புகைபோக்கி.

நான் கல் சுமந்தேன். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன். வேலை முடிந்ததும் என்னையே காவலுக்கு வைத்துக்கொள்வதாகத் துரை சொல்லியிருந்தார். என் மனைவிக்கு அப்போது எட்டு மாதம். எங்களுக்கென்று ஒரு கூரை கிடைக்கப்போவது அதுதான் முதல் தடவை.

ஆனியில் சாரல் பிடித்தது. புகைபோக்கி வழியாகத் தண்ணீர் இறங்கி, அடுப்புக்கு முன்னால் தரை ஊறிக் கிடந்தது. பிரசவத்துக்கு நான் மனதில் குறித்து வைத்திருந்த இடம் அது. கொள்ளேகால் பக்கத்துக்காரரான மேஸ்திரியிடம் சொன்னேன்.

"கெணறாட்டம் வாயப் பொளந்துட்டு நிக்குது. ஒரு பலகைக்கல்ல வெச்சு மூடீரலாம்" என்றார்.

"அப்பப் புகை எப்படிண்ணா வெளிய போகும்?"

"நம்ம ஊட்டுலயெல்லாம் ஓட்டுச் சந்துல போகலியா? அப்படியே போயிரும். நீயென்ன தொரையா, கணப்புக் காயறதுக்கு?"

மூடினோம். ஓட்டுக்கு அடியில் பலகை அடித்ததும் நாங்களேதான். அது இருவருக்கும் நினைவு வரவில்லை.

சாவி கொடுக்கும் நாளில் துரை தன் கையாலேயே விறகை மூட்டினார். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கப் புகை. கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய பட்லர் எங்களைப் பார்த்துக் கத்தினான்.

"படத்துல இல்லாத வேலைய யாருய்யா செஞ்சது? தொரை கேக்கறாரு!"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். ஐந்து பிள்ளைக்காரர். தண்ணீர் இறங்குகிறது என்று அவரிடம் போய் நின்றது நான்தான், நான்தான் சொல்ல வேண்டும். சொன்னேன்.

"அப்ப மூட்டையக் கட்டு" என்றான் பட்லர்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சத்திரத் தாழ்வாரத்தில் பெண் பிறந்தாள். சாரல் அங்கேயும் அடித்தது. கோணிச்சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மழைக்காலம் கழித்து, வேறொருவரின் மாட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு அந்த வழியாகப் போனேன். புகைபோக்கியின் வாயில் கல் இருந்தது. புதுக் காவல்காரனிடம் கேட்டேன்.

"தொரையே மூடச் சொன்னாருங்க, உள்ள மழை எறங்குதுன்னு."

"சமையல்?"

"வெளிய, மரத்தடியிலதான். அடுப்புல கோழி அடை உக்காந்திருக்கு. நல்லாக் காஞ்ச எடம் பாருங்க."

எட்டிப் பார்க்கச் சொன்னான். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.