இடியன் துவக்கில் ஒற்றை வெடி

நாலைந்து வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம், ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஒரு காட்டில் நடந்தது இது. எனக்கு அப்போது வேலை இல்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த வேலையிலும் அதிக நாள் நின்றதில்லை. அறையில் கூட இருந்த தம்பிதான் பன்றி வேட்டைக்குக் கூட்டிப்போனான். நாங்கள் வரிசையாக நடந்து, கத்திக் கத்திப் பன்றிகளைக் கலைக்க வேண்டும். வேட்டைக்காரர் அங்கங்கே துவக்கோடு நிற்பார்கள்.

“கத்திறதுக்குச் சம்பளம், அண்ணை. அறையில சும்மாதானே கத்திறியள்” என்றான்.

போகும் வழியில் ஒரு பெண் தன் இடத்தில் நின்று துவக்கை நிரப்பிக்கொண்டிருந்தார். பள்ளிப் பிள்ளைகளின் பஸ் ஓட்டுபவராம். துவக்கின் வாயில் கரிமருந்தைக் கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்கினார். இலங்கையில், எங்கள் வன்னியில் இதை இடியன் துவக்கு என்போம். அங்கே வேறு துவக்கு வாங்க வழியில்லாதவர்கள் வைத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

“ஒரு வெடிதானே இதில?” என்று ஜெர்மனில் கேட்டேன்.

“ஓம், ஒண்டுதான். பன்றி கிட்ட வருமட்டும் பொறுக்கவேணும். வராட்டி வெறுங்கையோட வீட்டை போறது. அதுதான் எனக்கு விருப்பம்.”

காட்டுக்குள் இறங்கினோம். இடுப்பளவு காய்ந்த பன்னம், பெரணிச் செடி. திடீரென்று மிகக் கிட்டத்தில் வேறொரு வேட்டைக்காரரின் வெடி. யோசிக்க முன்னமே குப்புற விழுந்துவிட்டேன். சண்டைக் காலத்துப் பழக்கம். கத்துவதை நிறுத்தினேன். ஆள் தெரிவதற்காக எங்களுக்குத் தந்திருந்த செம்மஞ்சள் அங்கி பன்னத்துக்குள் மறைந்தது. கூட வந்தவர்களின் சத்தம் தள்ளிப் போக, நான் முழங்கையால் ஊர்ந்தேன்.

தலையைத் தூக்கினால், அதே பெண். அவருடைய துவக்கு என்னையே பார்த்தபடி இருந்தது. அவர் அசையவில்லை, சுடவுமில்லை. நான் மெல்லக் கையை உயர்த்தினேன். துவக்கைத் தாழ்த்திவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

“உமக்கு விசரோ? கத்தச் சொன்னதெல்லோ!” என்று ஏசினார்.

“எங்கட நாட்டில வெடிச் சத்தத்துக்குச் சத்தம் போட்டவன் செத்தான்” என்றேன்.

அவர் துவக்கை மடியில் கிடத்தினார். “இஞ்சை சத்தம் போடுறவன்தான் வீட்டை போவான்.”

ஏன் சுடவில்லை என்று கேட்டேன்.

“பன்னம் ஆடினது, பன்றி தெரியேல்லை. இருக்கிறது ஒரு வெடி. தெரியாத ஒண்டுக்கு அதைக் குடுக்கேலாது.”

அன்று அவருக்குப் பன்றி கிடைக்கவில்லை. மதியத்துக்குப் பிறகு அடுத்த சுற்று. “நீங்கள் வாகனத்திலயே இருங்கோ, அண்ணை” என்று தம்பி கெஞ்சினான். நான் இறங்கினேன். ஒவ்வொரு வெடிக்கும் குனிந்தேன்; ஆனாலும் நிமிர்ந்து நின்று “ஓய், ஓய்” என்று தமிழிலேயே கத்தினேன்.

இப்போதும் கார்த்திகை வந்தால் அந்தக் காட்டுக்குப் போகிறேன். பயம் முழுதாக விடவில்லை. ஆனால் நான் யாரென்று தெரியுமட்டும் ஒரு மனிசி துவக்கோடு பொறுத்து நின்றார் என்ற நினைப்பு, என்னைப் படுக்கவிடாமல் எழுப்பி நிறுத்துகிறது.